இரண்டு பேருக்கான பாஷை

பிளாஸ்டிக் கதிரையோடு சேர்த்துத்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நெடுந்தீவு இறங்குதுறையில் அந்த அவசரத்துக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் மீன் நிறுப்பவர் உட்காரும் கதிரை கிடந்தது. நாலு பேர் நாலு காலைப் பிடித்தார்கள். கதிரையில் சரிந்து கிடந்தவன் பிரதாபன். முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிப்போயிருந்தன. இடது காதுக்கு மேலே பிளந்த இடத்தில் உப்பும் இரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தன.

கம்சாயினி கதிரைக்குப் பக்கத்திலேயே ஓடினாள். கூட்டுறவுக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

“தம்பி எங்கை? பிரதாபன், கீர்த்தி எங்கை?”

நேற்றுப் பின்னேரம் கடலுக்குப் போனது இரண்டு பேர். பிரதாபன், அவனோடு கம்சாயினியின் தம்பி கீர்த்திகன். இன்று காலை தீவுக்கு வடக்கே, முன்பக்கம் நொறுங்கி, பாதி தண்ணீரோடு மிதந்த படகில் இருந்தது ஒரே ஒருவன்.

“கீர்த்தி எங்கை எண்டு கேக்கிறன்!”

பிரதாபனின் உதடு அசைந்தது. சத்தம் வந்தது. தெளிவான, உறுதியான சத்தம்.

“ஏமொ தூரி... நெகாலு ஏமொ தாவி...”

கதிரையைப் பிடித்திருந்த நாலு பேரும் நடை தடுமாறினார்கள்.

“உவன் சாகக் கிடக்கேக்கையும் அந்த விசர்ப் பாஷையை விடுறானில்லை” என்றான் பின்காலைப் பிடித்திருந்த சின்னக்குட்டி. தீவில் வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவன். ஆனால் சொல்லி முடிக்கும்போது அவன் குரலிலும் பகிடி இல்லை.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள்.

தீவுக்கு ஒரே டொக்டர். இளம்பெண். வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள். வலது கை ஈரத்துணி மாதிரி விழுந்தது.

“வாயைத் திறவுங்கோ. நான் சொல்லுறது கேக்குதோ? பேர் என்ன?”

“நெகாலு ஏமொ” என்றான் பிரதாபன்.

டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டாள். தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். அதே பதில்.

“இவர் என்ன பாஷை கதைக்கிறார்?”

“அவன்ரை சொந்தப் பாஷை டொக்டர்” என்றான் சின்னக்குட்டி. “வீட்டிலை செய்தது.”

டொக்டர் சிரிக்கவில்லை. “அடி இடப்பக்கம் பட்டிருக்கு. பேச்சு இருக்கிற இடம். தமிழ் இப்ப இவருக்குக் கதைக்கவும் வராது, கேட்டாலும் விளங்காது. சிலபேருக்கு இப்பிடி நடக்கும். பிறந்த பாஷை போயிடும். பிறகு படிச்சது மிஞ்சும்.” அவள் சுற்றிப் பார்த்தாள். “இந்தப் பாஷை வேற ஆருக்குத் தெரியும்?”

எல்லோருடைய கண்ணும் கம்சாயினி மேல் போய் நின்றது.

பிரதாபனுக்கு ஒரு பொழுதுபோக்கு. மற்றப் பொடியள் கரப்பந்து விளையாடுவார்கள், ஃபோனில் கிடப்பார்கள். இவன் எழுத்துச் செய்வான். ஈரமணலில் மாட்டுக் குளம்பு விட்ட தடத்தைப் பார்த்து ஒரு எழுத்து. வலை முடிச்சின் வளைவைப் பார்த்து இன்னொன்று. பவளக்கல் மதிலில் பதிந்து கிடக்கும் பூ வடிவைப் பார்த்து ஒன்று. எழுத்து முழுதாகச் சேர்ந்தபிறகு அது சும்மா கிடக்கலாமா? அதற்கு ஒரு பாஷையும் செய்தான். ‘யேலு’ என்று பேர் வைத்தான். காற்றுக்கு அதில் எத்தனையோ பேர். பொய்க்கு ஒரு பேரும் இல்லை. நீ, நீர், நீங்கள் என்ற வித்தியாசமும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சொல்.

“அப்ப என்னையும் விதானையாரையும் ஒரே மாதிரித்தான் கூப்பிடுவாய்?” என்று சின்னக்குட்டி ஒருநாள் கேட்டான்.

“ஓம்.”

“நல்ல பாஷையடாப்பா. எனக்கும் படிப்பி.”

படிப்பிக்கவில்லை. படகின் முகப்பில் அந்த எழுத்தில் ஏதோ எழுதி வைத்தான். அதற்காக இரண்டு தடவை கடற்படைக்காரர் நடுக்கடலில் மறித்து விசாரித்தார்கள். இது என்ன இரகசியக் குறியா, யாருக்கு எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்கள். “பொழுதுபோக்கு சேர்” என்றான். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படிப் பாஷை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அவர்களுக்கு இணையத்தில் ஒரு கூட்டம். பின்லாந்தில் இருக்கும் ஒரு பஸ் சாரதி தன் பாஷையில் தாலாட்டு எழுதிப் போட்டதை பிரதாபன் ஒருநாள் எல்லோருக்கும் காட்டினான். தன்னுடையதை மட்டும் அங்கே அவன் போடவில்லை. சொற்கள் முழுவதும் அவனுடைய ஃபோனில் இருந்தன. கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: “இது ரெண்டு பேருக்கு மட்டும்.”

இரண்டாவது ஆள் கம்சாயினி. வருகிற ஆவணியில் அவர்களுக்குக் கல்யாணம். மூன்று வருடமாகப் பின்னேரங்களில் பழைய கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில் இருவரும் இருப்பதைத் தீவே பார்த்திருக்கிறது. அவன் யேலுவில் பேசுவான். அவள் தலையாட்டுவாள், சிரிப்பாள். அவன் இன்னும் பேசுவான். மாடுகளைச் சாய்த்து ஓட்ட வருகிறவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு போவார்கள். ஒரு மண்ணும் விளங்காது.

அந்த ஃபோன் இப்போது கடலுக்கு அடியில்.

வாசலில் ஒரு அலறல் கேட்டது. நல்லம்மா வந்துவிட்டாள். கம்சாயினியின் தாய். தலைமுடி அவிழ்ந்து, கையில் இன்னும் அகப்பை. யாரோ குசினிக்குள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அவள் அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

“என்ரை பிள்ளை எங்கை? எடியே, கேளடி அவனை! உனக்குத்தானே விளங்கும். கேளடி!”

“அம்மா, கொஞ்சம் பொறணை...”

“பொறுக்கிறதோ? கடல் பொறுக்குமோ?”

வெளியே வேப்பமரத்தடியில் யாகப்பு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்திய பழைய சம்மாட்டி. யார் கடலில் தவறினாலும் தேடுகிற வேலை அவருடையது. அதற்கென்று அவரிடம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான் இருந்தது. முக்கால்வாசிக்கு மேலே தண்ணீர் விட்டு மூடிக் கடலில் போட்டால், அந்தக் கான் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும் மனிதனைப் போல மிதக்கும். காற்று அதைத் தள்ளாது, நீரோட்டம்தான் இழுக்கும். படகு கண்டெடுத்த இடத்தில் போட வேண்டும். பிறகு பேசாமல் அதன் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கான் காட்டி அவர் கண்டெடுத்தவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள்.

“வடக்கைதான் படகு கிடந்தது. கான் அங்கையிருந்து எந்தப் பக்கம் இழுக்குதெண்டு பாப்பம்” என்றார் யாகப்பு.

“அண்ணை, நான் சொல்லுறனெண்டு கோவிக்காதையுங்கோ” என்றான் சின்னக்குட்டி. “சோளகம் இந்த அடி அடிக்குது. ராத்திரி முழுக்கத் தண்ணிக்கை கிடந்தவன். இனித் தேடி என்னத்தை... மண்ணெண்ணெயும் இருக்கிறது மூண்டு படகுக்குத்தான். நாளைக்குக் காத்து விழட்டும், பிறகு பாப்பம்.”

“நாளைக்கு மீனை எடுக்கப் போறியோ, மனிசனை எடுக்கப் போறியோ?”

“மனிசன் இருந்தால் எடுக்கலாம் அண்ணை. இருக்கிறானெண்டு ஆர் சொல்லுறது?”

நின்றவர்களில் பலர் நிலத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றின் குணம் தெரிந்தவர்கள். ஒருவன் மெல்ல நழுவி மதிலோரம் போனான். இன்னொருவன் அவன் பின்னால் போனான்.

கம்சாயினி ஜன்னலுக்குள்ளிருந்து அதைப் பார்த்தாள்.

பிறகு திரும்பிப் பிரதாபனின் கட்டிலில் இருந்தாள். சேலைன் ஏறுகிற இடது கையை அவன் எட்டி நீட்டினான். தடவித் தடவி அவள் விரலைக் கண்டுபிடித்தான். பிடித்தான்.

பேசத் தொடங்கினான்.

முதலில் வேகமாக. பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் எண்ணி அவள் கையில் வைப்பவன் போல. “தாவி... நெகாலு தாவி ஊசெ... ஏமொ, ஏமொ.” ஒரு இடத்தில் குரல் உடைந்தது. மூச்செடுத்து மறுபடி அந்த இடத்திலிருந்தே தொடங்கினான். அவள் காதை அவன் வாயோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நல்லம்மா அகப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். டொக்டர் கூட ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் முடித்தான். கடைசிச் சொல் கேள்வி மாதிரி மேலே ஏறி நின்றது.

கம்சாயினி அவன் நெற்றியைத் தன் நெற்றியால் தொட்டுத் தலையை அசைத்தாள். ஓம் என்பதுபோல.

அவ்வளவுதான். அவன் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. கதிரையில் தூக்கி வரும்போதிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் கட்டிலில் பதிந்தன. வீங்கிய உதடு சிரிக்கப் பார்த்தது. இனிப் பயமில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்ற முகம்.

“என்னடி? என்ன சொன்னவன்?” நல்லம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கம்சாயினி எழுந்து வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். மதிலோரம் போனவர்களும் நின்றார்கள்.

“தம்பி உயிரோடை இருக்கிறான்” என்றாள்.

நல்லம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

“எங்கையாம்?” யாகப்பு இரண்டு எட்டில் பக்கத்தில் வந்தார்.

“தெற்கை. முறிகல் பாரிலை. கல்லிலை ஏறி நிக்கிறான். கால் அடிபட்டுப் போச்சாம். படகு மட்டும் இழுபட்டு வந்ததாம்.”

தீவுக்குத் தெற்கே, கடலுக்குள் ஒளிந்து கிடக்கும் கற்பாறைத் தொடர் அது. நீர் வற்றும்போது முதுகு தெரியும். பெருகும்போது இடுப்பளவு நிற்கும். இந்தக் காலத்தில் பிரதாபனும் கீர்த்திகனும் வழக்கமாக வலை விடுகிற பக்கம்.

யாகப்பு தாடியைச் சொறிந்தார். “தெற்கை அடிபட்ட படகு தீவைச் சுத்தி வடக்கை எப்பிடிப் பிள்ளை வந்தது?”

கம்சாயினி கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உறுதியா அப்பிடித்தான் சொன்னவனோ?”

“ஓம் அண்ணை.”

“அண்ணை, ஒரு படகு வடக்கை போகட்டோ?” என்று கேட்டது சின்னக்குட்டிதான். இவ்வளவு நேரம் நாளைக்கு என்றவன் இப்போது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். “நீங்கள் கானைப் போட்டு...”

யாகப்பு கானைப் பார்த்தார். கம்சாயினியைப் பார்த்தார்.

“பாருக்குக் கிட்டப் போறதெண்டால் மூண்டு படகும் வேணும். ஒண்டு அலையை மறிக்கோணும், மற்றது கயிறு எறியோணும். ஆள் தன்ரை வாயாலை இடம் சொல்லேக்கை நான் கானை நம்புறதோ?”

கானை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று படகும் தெற்கே போயின. மண்ணெண்ணெய் போதாது என்று சொன்னவர்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு வைத்திருந்ததையும் கொண்டுவந்து ஊற்றினார்கள். செய்தி கேட்ட கடற்படைக்காரரும் தெற்கேதான் தேடப் போனார்கள். அதற்கு முன் அவர்களுடைய படகொன்று பிரதாபனை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஏற்றும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அமைதியாக.

நல்லம்மா கரையை விட்டு அசையவில்லை. வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாள்: “பிள்ளை கல்லிலை நிக்கிறானாம். கால்தானாம் அடி. கால் சுகமாயிடும்.” வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கீர்த்திகனின் உலர்ந்த சாரமும் துவாயும் எடுப்பித்தாள். சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி போட்டு வைத்தாள். அது ஆறியதும் ஊற்றிவிட்டு வேறு போட்டாள்.

“நீயும் ஒரு வாய் குடியடி.”

“வேண்டாமணை.”

“அவன் வந்து உன்னைத்தான் நக்கலடிக்கப் போறான். ‘உங்கடை விசர்ப் பாஷைதான் அக்கா என்னைக் காப்பாத்தினது’ எண்டு. நீ இருந்து பார்.”

கம்சாயினி தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தரம், யாரும் கவனிக்காத மாதிரி, வடக்கே திரும்பிப் பார்த்தாள்.

பொழுது சாயும் நேரம் படகுகள் திரும்பின. எண்ணுவதற்கு அவசியமே இருக்கவில்லை. படகில் நின்றவர்களின் தலை குனிந்திருந்த விதத்தில் எல்லாம் தெரிந்தது.

யாகப்பு தண்ணீருக்குள் இறங்கி நடந்து வந்தார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. “பாரிலை ஒரு காகமும் இல்லைப் பிள்ளை. ஒரு துண்டு வலைகூட இல்லை. மூண்டு தரம் சுத்தினனாங்கள். சின்னக்குட்டி கல்லிலை குதிச்சு ஏறி நிண்டு கத்தினவன். அலை தூக்கி அடிச்சு விலா எலும்பு முறிஞ்சு போச்சு.”

சின்னக்குட்டியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கம்சாயினியைப் பார்த்து ஏதோ பகிடி சொல்லப் பார்த்தான். நோவில் முடியவில்லை.

“இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ அண்ணை” என்றாள் கம்சாயினி. “கல்லிலையிருந்து நழுவியிருப்பான். அதிலை கிட்டத்தான்...”

“பிரதாபனிட்டை இன்னொருக்கால் கேள். ஃபோன் அடிச்சுக் கேள். எந்தப் பக்கத்துக் கல் எண்டு கேள்” என்றார் யாகப்பு.

பெரியாஸ்பத்திரிக்கு அடித்தார்கள். பிரதாபனை ஒப்பரேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை யாகப்பு அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படகுக்கு மட்டும்தான் எண்ணெய் மிச்சம். வேப்பமரத்தடியிலிருந்த மஞ்சள் கானைத் தூக்கிப் படகில் போட்டார். வடக்கே போனார். முதல் நாள் படகு கிடந்த இடத்தில் கானை இறக்கினார். அது ஒருமுறை சுற்றியது. பிறகு யோசிக்கவே இல்லை. வடகிழக்கே, நயினாதீவுப் பக்கம் நேராக இழுத்துக்கொண்டு போனது.

கான் போன வழியிலேயே கீர்த்திகன் கிடந்தான்.

வலை மிதப்புகளைச் சேர்த்துக் கட்டி, அதன் நடுவில் தன்னையும் இடுப்போடு கட்டியிருந்தான். நல்ல முடிச்சு. கடைசிவரைக்கும் அவிழவில்லை. தலை மட்டும் முன்னால் சாய்ந்திருந்தது. நயினாதீவில் கரையேற்றினார்கள். அங்கே பார்த்த டொக்டர், யாகப்புவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “கனநேரம் இல்லை. விடியப்புறம்தான் உயிர் போயிருக்கு. நேற்றுப் பின்னேரம் கண்டெடுத்திருந்தால் இவர் எழும்பி இருந்து கதைச்சிருப்பார்.”

யாகப்பு அதை நெடுந்தீவில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று நினைத்தார். அவரோடு போனவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு நல்லம்மா அழவில்லை. திட்டினாள். விடிந்தால் பொழுதுபட்டால் ஒரே பேர்தான் அவள் வாயில். “நாசமாப் போனவன். படகு உடைஞ்சால் சும்மா வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாமே. தெற்கை எண்டு சொல்லி என்ரை பிள்ளையை வடக்கை சாகவிட்டானே! பொய்க்கு அவன்ரை பாஷையிலை சொல்லில்லையாம். பாஷையே பொய்!” தீவும் அதைத்தான் பேசியது. தலையில் அடிபட்டவன், பாவம், உளறினான் என்றார்கள் சிலர். அவனுக்கும் கீர்த்திகனுக்கும் கடலில் என்ன நடந்ததோ, வேணுமென்றே சொன்னானோ என்றார்கள் வேறு சிலர். கரையில் கிடந்த அவனுடைய உடைந்த படகின் முகப்பில், அந்த எழுத்துகளின் மேல், யாரோ கழிவெண்ணெய் ஊற்றியிருந்தார்கள்.

கம்சாயினி எதற்கும் வாய் திறக்கவில்லை. கடைக்கும் போகவில்லை.

கீர்த்திகனின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் பின்னேரம் யாகப்பு வந்தார். நல்லம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முற்றத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் இருந்தார்.

“பிள்ளை, என்ரை மனசு கேக்குதில்லை. அவனை நான் சின்னனிலையிருந்து பாக்கிறன். அவனுக்குக் காத்து தெரியும், ஓட்டம் தெரியும். எவ்வளவு அடிபட்டாலும் வடக்கைத் தெற்கெண்டு சொல்லுற கடல்காரன் இல்லை. அவன் சொன்னதை ஒருக்கால் அப்பிடியே சொல்லு பாப்பம், சொல்லுச் சொல்லா. எங்கையோ நாங்கள்தான் பிழையா விளங்கிப்போட்டம்.”

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. யாழ்ப்பாணத்து இலக்கம். அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

“எடு பிள்ளை.”

எடுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு தாதியின் குரல்.

“கம்சாயினியோ? எத்தினை தரம் எடுக்கிறது உங்களை! பிரதாபன் நல்லா முழிச்சிட்டார். ஆனால் தமிழ் திரும்பேல்லை. திரும்புறது கஷ்டம் எண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். எங்களுக்கு உங்கடை பேர் மட்டும்தான் விளங்குது. அவரோடை கதைக்க இனி உங்களை விட்டால் ஆரும் இல்லைத் தங்கச்சி. ஏன் இன்னும் வரேல்லை நீங்கள்? அவர் பயப்பிடுறதே இல்லை தெரியுமோ? ‘கம்சாயினி’ எண்டு வாசலைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார். நீங்கள் எல்லாம் பாத்துக்கொள்ளுவியள் எண்ட நம்பிக்கை போலை. இந்தாங்கோ, குடுக்கிறன்.”

சற்றுநேரம் மூச்சுச் சத்தம். பிறகு பிரதாபன் பேசினான்.

வேகமில்லை. அவசரமில்லை. கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில் இருந்து பேசுகிற அதே குரல். ஒரு இடத்தில் ‘கீர்த்தி’ என்றான். அதற்குப் பிறகு வந்த சொற்கள் மேலே ஏறி நின்றன. கேட்டுவிட்டுக் காத்திருந்தான். பதில் வரவில்லை என்றதும் மறுபடி அதையே, இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலக் கேட்டான்.

“கீர்த்தியை எடுத்தாச்சோ எண்டு கேக்கிறானாக்கும்” என்றார் யாகப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மறுமொழி சொல்லு பிள்ளை. பாவம். அவன்ரை பாஷையிலேயே பக்குவமாச் சொல்லு.”

கம்சாயினி ஃபோனை மடியில் வைத்தாள். அதிலிருந்து பிரதாபனின் குரல் வந்துகொண்டே இருந்தது.

“எனக்குச் சொல்லத் தெரியாது அண்ணை.”

“கஷ்டந்தான். எண்டாலும் ஆரோ சொல்லத்தானே வேணும்.”

“இல்லை அண்ணை. எனக்குத் தெரியாது.”

“என்ன, லைன் சரியில்லையோ? அவன் என்ன கேக்கிறானெண்டு விளங்கேல்லையோ?”

“லைன் வடிவாக் கேக்குது.” அவள் அவரைப் பார்க்கவில்லை. “அவர் மூண்டு வருசம் ஒவ்வொரு நாளும் சொல்லித் தந்தவர். நான் அவரின்ரை குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான். படிக்கேல்லை. தலையாட்டுவன், சிரிப்பன். அது அவருக்குப் போதுமாயிருந்துது. உலகத்திலை இன்னொரு ஆளுக்கு விளங்குதெண்டு அவ்வளவு சந்தோசப்படுவார், பிறகு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?”

யாகப்பு கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

“அண்டைக்கு நீங்களெல்லாம் வீட்டை போக வெளிக்கிட்டனீங்கள். தம்பி இருக்கிறான் எண்டு ஆரும் சொன்னால்தான் படகு இறங்கும். சொன்னன். எங்கையெண்டு கேட்டியள். அவங்கள் எப்பவும் வலை விடுற இடத்தைச் சொன்னன்.” மடியில் குரல் மூன்றாம் தரம் அதே கேள்வியைக் கேட்டது. “அவர் அண்டைக்கு எல்லாம் சொன்னவர் அண்ணை. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எல்லாம் சொல்லித்தான் இருப்பார். அதிலை எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை.”